கையை எடுங்கள், அம்மா!

நீங்கள் சிரிக்கும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று எப்போதாவது கவனித்ததுண்டா?

"இதென்ன அசட்டுக் கேள்வி! சிரிப்பது வாய். கை அது பாட்டுக்கு மடியில் கிடக்கும்" என்று உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள். நீங்கள் பாக்கியசாலிகள். என் கை அப்படியல்ல. எதிரே இருப்பவர் ஒரு வேடிக்கை விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாலே போதும், என் புடவைத் தலைப்பு புறப்பட்டுவிடும். வேடிக்கை முடிவதற்குள் வாயை வந்து மூடிக்கொள்ளும். சிரிப்பு முந்துகிறதா, தலைப்பு முந்துகிறதா என்று எனக்கே தெரியாது. நாற்பது வருஷப் பழக்கம்!

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நான் சிரித்தால் மேல் ஈறு தெரியும். கொஞ்சநஞ்சமல்ல, பல்வரிசைக்கு மேலே, புடவைக்குக் கரை கட்டினாற்போல, ஒரு விரற்கடை அகலத்துக்குத் தெரியும்.

பதினாலு வயதில் அது எனக்குத் தெரியாது. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடை விடுமுறையில் என் அத்தை பையன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்: "இவ சிரிச்சா முதல்ல ஈறு வருது, அப்புறம்தான் பல்லு வருது!" கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கையால் வாயை மூடிக்கொண்டு. அன்று போன கைதான். பாட்டி வேறு தன் பங்குக்கு, "பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று பழமொழி சொல்லி முத்திரை குத்திவிட்டாள்.

1995-ல் எனக்குக் கல்யாணம். போட்டோ பிடிக்க வந்தவர் ரொம்ப நல்ல மாதிரி. முதல் படம் எடுக்கும்போதே, "அம்மா, உதட்டை மூடிட்டுச் சிரிங்க, அழகா விழும்" என்றார். அழகாகத்தான் விழுந்தது. ஆனால் இன்று அந்த ஆல்பத்தைப் புரட்டினால், மணமேடையில் உட்கார்ந்திருப்பவள் கல்யாணத்துக்கு வந்தவளா, துக்கம் விசாரிக்க வந்தவளா என்று சந்தேகம் வரும்.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன்? என் பெண்ணுக்காகத்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

* * *

நாங்கள் மேடவாக்கத்துக்குக் குடிவந்தபோது எங்கள் தெருவில் மொத்தம் ஆறு வீடுகள். மழை பெய்தால் ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் தவளைக் கச்சேரி நடக்கும். இன்றோ கூட்டுச் சாலைக்கு மேலே 2022-ல் திறந்த நீண்ட மேம்பாலம். மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய தூண்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்கு மாடி. முன்பு மாவு மில் ஒன்றே ஒன்று இருந்த சாலையில் இப்போது பல் வைத்தியசாலைகள் மட்டும் நாலு இருக்கின்றன. 'பல் பிடுங்கப்படும்' என்று எழுதிய பழைய காலத்துப் பலகை எதிலும் இல்லை. 'புன்னகை வடிவமைப்பு' என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பலகைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம், 'இதெல்லாம் சினிமாக்காரர்களுக்கு' என்று நினைத்துக்கொள்வேன்.

என் பெண்ணுக்கு வயது 26. சோழிங்கநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. புத்திசாலி. நிறம் அவள் அப்பாவுடையது, குரல் என் மாமியாருடையது. சிரிப்பு மட்டும் அப்படியே என்னுடையது, கரையோடு!

போன வருஷம் ஒரு வரன் வந்தது. பையனுடைய அம்மாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. பேச்சுவாக்கில் என் கணவர் ஏதோ சொல்ல, என் பெண் கலகலவென்று சிரித்துவிட்டாள். பெரியம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. சிரிக்காம இருந்தா இன்னும் லட்சணம்" என்றாள்.

குரலைத் தாழ்த்தினாளே தவிர, அது எல்லார் காதிலும் விழுந்தது.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சம்பந்தி ஆகக்கூடியவர்களிடம் என்ன சொல்வது? இன்னும் கொஞ்சம் காபி எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி படுக்கப் போகும்முன் அவள் அறைப் பக்கம் போனேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சிரித்துப் பார்க்கிறாள், உடனே கையால் வாயை மூடிப் பார்க்கிறாள். மறுபடி சிரிக்கிறாள், மறுபடி மூடுகிறாள். என்னைக் கண்டதும் தலைசீவுகிற பாவனையில் சீப்பை எடுத்துக்கொண்டாள்.

சகோதரிகளே, நகையைப் பெண்ணுக்குக் கொடுக்கலாம், வெள்ளிப் பாத்திரத்தைக் கொடுக்கலாம். இந்தக் கையையுமா கொடுப்பது? எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

* * *

மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு ஒரு பல் வைத்தியசாலைக்குப் போனேன். எது, எந்தச் சாலையில் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வாசலிலேயே ஜில்லென்று குளிர்ந்தது. உள்ளே அழகான நாற்காலி. ஒருவர் என் பெண்ணை வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைக் காட்டிப் பார்த்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு படம் எடுத்தார். "மேல் வரிசையில் எட்டுப் பல்லையும் சீவிட்டுக் கேப் போட்டுடலாம். பத்து நாள் வேலை. கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுக்கலாம்" என்று ஒரு தொகையைச் சொன்னார். கேட்டதும் எனக்கே வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது. "இன்னிக்கே முன்பணம் கட்டினா தள்ளுபடி உண்டு" என்று ஒரு பெண் பின்னாலேயே வந்து சொன்னாள்.

முன்பணம் கட்டக் கையில் பர்ஸைத் திறந்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தடுத்தது என் பெண்தான். "அம்மா, சீவப் போற பல்லுல சொத்தையே இல்லையேம்மா" என்றாள், மெதுவாக.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் பேப்பர் படிக்கிற மனிதர். 2024 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் நடந்ததை ஞாபகப்படுத்தினார். கல்யாணம் நிச்சயமாகியிருந்த 28 வயதுப் பிள்ளை, சிரிப்பை அழகுபடுத்திக்கொள்ள ஒரு பல் வைத்தியசாலைக்குத் தனியாகப் போனான், உயிரோடு திரும்பவில்லை. மயக்க மருந்தின் அளவு கூடிவிட்டதுதான் காரணம் என்று அந்தத் தகப்பனார் போலீசில் புகார் கொடுத்தார். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால், 'சும்மா அழகுக்குத்தானே' என்று நாம் லேசாகச் சொல்லுகிற காரியமும் வைத்தியம்தான், அதில் கத்தியும் ஊசியும் இருக்கின்றன என்பது அன்றுதான் என் மண்டையில் உறைத்தது.

"பத்து ரூபாய்க் கத்திரிக்காயையே நாலு கடை பார்த்து வாங்கறவ நீ! இதுக்கு இன்னொரு டாக்டரைப் பார்க்கக் கூடாதா?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்குள்ளே, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன; 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு கிளையாகத் தொடங்கியது. இப்படிக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் ஒரு சௌகரியம் உண்டு. ஈற்றுக்கென்று படித்தவர் ஒருவர், கிளிப் போடுவதற்கென்று படித்தவர் ஒருவர், தாடை அறுவைக்கென்று படித்தவர் ஒருவர் என்று ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். நாங்கள் பக்கத்தில் இருக்கிறதே என்று பள்ளிக்கரணைக்குப் போனோம். காலையில் போனவர்கள் மத்தியானம் வரை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். ஆனால் காத்திருந்ததற்குப் பலன் இருந்தது.

* * *

ஈறு வைத்தியத்தில் மேல்படிப்புப் படித்த ஒரு பெண் டாக்டர். என் வயது இருக்கும். அவர் முதலில் விளக்கைப் போடவில்லை, படமும் எடுக்கவில்லை. என் பெண்ணோடு பேச்சுக் கொடுத்தார். வேலை என்ன, எத்தனை மணிக்கு பஸ், எந்தக் கடையில் பிரியாணி நன்றாயிருக்கும் என்றெல்லாம். அவளும் பேசினாள், சிரித்தாள். அப்போதுதான் தெரிந்தது, அவர் அவளுடைய உதட்டைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று! பிறகு ஒரு சின்ன அளவுகோலை எடுத்தார். மூக்கின் அடியிலிருந்து உதடு வரை அளந்தார். சும்மா இருக்கும்போது எத்தனை பல் தெரிகிறது, சிரிக்கும்போது உதடு எவ்வளவு மேலே போகிறது, முன்பல் எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்டார்.

"ஈறு தெரியறது ஒரு வியாதி இல்லம்மா, ஓர் அமைப்பு. ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தெரிஞ்சா அழகுதான். மூணு நாலுக்கு மேலே போனாத்தான் நாங்க ஈறுச் சிரிப்புன்னு சொல்லுவோம்" என்றார். 1984-ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். வாலிப வயதுள்ள 454 பேருடைய புகைப்படங்களைப் பார்த்ததில், நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சிரிக்கும்போது மேல்பல் முழுவதும், அதற்கு மேல் ஈறும் தெரிந்ததாம். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகமாம். நூற்றுக்குப் பத்துப் பேர்! ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் பந்தி பத்துப் பேர்! இவ்வளவு பேர் எங்கே போனார்கள் என்று நினைத்தேன். எங்கே போவார்கள்? என்னைப் போலத் தலைப்புக்குப் பின்னால் இருந்திருப்பார்கள்.

"ஏன் தெரியுதுன்னு கண்டுபிடிக்காம வைத்தியம் சொல்லக் கூடாது" என்ற டாக்டர், ஒரு வீட்டு ஜன்னலை உதாரணமாக வைத்து விளக்கினார். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கு நிச்சயம் புரியும்.

பல் என்பது ஜன்னல். ஈறு அதற்கு மேலேயுள்ள சுவர்ப்பூச்சு. தாடை எலும்பு சுவர். உதடு திரைச்சீலை. திரையை இழுத்தால் ஜன்னல் தெரியவேண்டியிருக்க, சுவர் தெரிகிறது. தப்பு எதில்?

சில பேருக்குப் பூச்சில். பல் முழு நீளத்துக்கு முளைத்திருக்கும். ஆனால் ஈறு தன் இடத்துக்கு ஏறாமல், பல்லின் மேல் பகுதியை மூடிக்கொண்டு நின்றுவிடும். பல் குட்டையாக, சதுரமாகத் தெரியும். முன்பல் சாதாரணமாகப் பத்து, பத்தரை மில்லிமீட்டர் இருக்கவேண்டும். இவர்களுக்கு அதிகப்படி ஈற்றை எடுத்துவிட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் பல் வெளியே வந்துவிடும். கத்தியாலும் செய்யலாம், லேசராலும் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஈற்றின் விளிம்புக்கும் உள்ளேயுள்ள எலும்புக்கும் நடுவே சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். அது உடம்பின் கணக்கு. எலும்பு ரொம்பக் கிட்டத்தில் இருந்தால், ஈற்றை மட்டும் வெட்டிப் பிரயோஜனமில்லை. திரும்ப வளர்ந்துவிடும், அல்லது சிவந்து வீங்கிக்கொண்டே இருக்கும். எலும்பையும் கொஞ்சம் செதுக்கவேண்டியிருக்கும்.

சில பேருக்கு ஈறே வீங்கியிருக்கும். சுத்தக் குறைவாலும் வீங்கலாம். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின், நிஃபெடிபின், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளாலும் சிலருக்கு வீங்கும். அப்படியானால் மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்ப் பேசவேண்டும். 'ஈறு வீங்குகிறதே' என்று மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது மகா ஆபத்து.

இன்னும் சில பேருக்குத் திரையில் கோளாறு. பெண்களுக்கு மேலுதடு மூக்கடியிலிருந்து 20 முதல் 22 மில்லிமீட்டர் இருக்கும், சிலருக்குக் குட்டை. சிலருக்கு நீளம் சரி, ஆனால் சிரிக்கும்போது அதைத் தூக்குகிற தசைக்கு உற்சாகம் அதிகம். ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் ஏறவேண்டிய உதடு பத்துக்கு மேல் ஏறிவிடும். இவர்களுக்குத்தான் இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிற போடாக்ஸ் ஊசி.

இந்த ஊசியின் கதை வேடிக்கையானது. கெட்டுப்போன டப்பா உணவில் வளர்ந்து மனிதனைக் கொல்லுகிற ஒரு கிருமியின் விஷம்தான் அதன் மூலப்பொருள். அதை மிக மிகச் சொற்பமாகக் கொடுத்தால் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் என்று கண்டார்கள். 1989-ல் அமெரிக்க அரசாங்கம் மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் அனுமதித்தது. 2002-ல் புருவங்களுக்கு நடுவே விழும் சுருக்கத்துக்கு. ஈறுச் சிரிப்புக்கு மூக்கின் இரு பக்கத்திலும் போடுகிறார்கள். சில நாளில் உதடு தணியும். ஆனால் மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம். பிறகு பழைய குருடி கதவைத் திறடி! திரும்பத் திரும்பப் போடவேண்டும். அளவு பிசகினால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் போட்டுக்கொள்ளக் கூடாது.

உதட்டின் உட்புறத்தில் ஒரு பட்டை சதையை எடுத்துவிட்டுக் கீழே இறக்கித் தைப்பது இன்னொரு முறை. அர்ஜென்டினா நாட்டில் 1973-ல் முதன்முதலாக எழுதினார்கள். அதிலும் சில பேருக்கு நாளடைவில் உதடு மறுபடி ஏறிவிடுவதுண்டு.

கடைசியாக, சுவரே உயரமானவர்கள். மேல்தாடை எலும்பு நீளமாக வளர்ந்துவிட்டவர்கள். லேசான அளவில் இருந்தால் கிளிப்பும், எலும்பில் பொருத்தும் குட்டித் திருகாணிகளும் வைத்துப் பல்லை மேலே ஏற்றிப் பார்க்கலாம். அதிகமாக இருந்தால் முழு மயக்கம் கொடுத்து, மேல்தாடையைக் குறுக்கே அறுத்து, ஒரு பட்டை எலும்பை எடுத்து, உயர்த்திப் பொருத்தவேண்டும். 1901-ல் ரெனே லெஃபோர் என்ற பிரெஞ்சு டாக்டர் முகத்தெலும்பு எந்தக் கோட்டில் உடையும் என்று ஆராய்ந்து எழுதினார். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் இந்த அறுவையைச் செய்கிறார்கள். பெரிய அறுவை. ஆஸ்பத்திரியில் தங்கவேண்டும். முன்னும் பின்னும் கிளிப் போட்டுக்கொள்வது சேர்த்து வருஷக் கணக்காகும்.

"இத்தனையில எட்டுப் பல்லையும் சீவிக் கேப் போடறது எங்கே வருது, டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கேப் போட்டா ஈறு எப்படிம்மா மேலே போகும்? சுவர்ப்பூச்சு வழிஞ்சிருந்தா ஜன்னலையா இழைப்பீங்க? சீவின பல்லு திரும்ப முளைக்காது."

திறந்த பர்ஸை நினைத்துக்கொண்டேன். வயிற்றைப் பிசைந்தது.

* * *

என் பெண்ணின் கணக்கு இது. முன்பல் எட்டரை மில்லிமீட்டர்தான் தெரிகிறது. இரண்டு மில்லிமீட்டர் ஈற்றுக்குள் இருக்கிறது. உதடு ஒன்பது மில்லிமீட்டர் ஏறுகிறது. தாடை சரி. சிரித்தால் ஐந்து மில்லிமீட்டர் ஈறு தெரிகிறது. மரத்துப்போகிற ஊசி போட்டு ஆழம் பார்த்ததில் எலும்பும் சரியான தூரத்தில் இருக்கிறது.

"ஆறு பல்லுக்கு மேலே ரெண்டு ரெண்டு மில்லிமீட்டர் ஈறு எடுத்தாப் போதும். மூணு மில்லிமீட்டர் மிஞ்சும். அது உதட்டால வர்றது. அதுக்கு வேணும்னா ஊசி போடலாம், வேணாம்னா விட்டுடலாம். ஒண்ணுமே செய்யாட்டியும் குத்தமில்லை. நீ என்னம்மா சொல்றே?" என்று அவளைக் கேட்டார் டாக்டர். என்னைக் கேட்கவில்லை.

"கல்யாணத்துக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அம்மா, கொஞ்சம் இரு" என்றாள் என் பெண். "டாக்டர், ஆபீஸ்ல கேமரா முன்னாடி மீட்டிங் வரும். யாராவது ஜோக் அடிச்சா நான் கேமராவை அணைச்சிடுவேன். அணைக்காம இருக்கணும். அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரங்களுக்காக இல்லை."

அவள் கேமராவை அணைக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தலைப்பு காலத்துக்கேற்ப உருமாறியிருக்கிறது, அவ்வளவுதான்!

டாக்டர் தலையசைத்தார். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பி, "நீங்க எதுக்கும்மா பேசும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கறீங்க?" என்றார்.

"எனக்கும் இதேதான் டாக்டர். இவளுக்கு வந்ததே என்கிட்டேயிருந்துதானே!"

"எங்கே, கையை எடுங்கம்மா! சிரிங்க."

வேண்டாம் என்றேன். என் பெண் விடவில்லை. அவளும் டாக்டருமாகச் சேர்ந்து என்னவோ சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டார்கள். டாக்டர் அளவுகோலை என் உதட்டருகே கொண்டுவந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஈறு எங்கேம்மா தெரியுது? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே!"

நான் நம்பவில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்தார். சிரித்துப் பார்த்தேன். பல் தெரிந்தது, பல்லுக்கு மேல் உதடு. கரையைக் காணோம்!

"வயசாக ஆக மேலுதடு தளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக் கீழே இறங்கும்மா. இது எல்லாருக்கும் நடக்கிறதுதான். உங்களுக்கு எப்பவோ மறைஞ்சிருக்கும். நீங்க கண்ணாடியிலே சிரிச்சுப் பார்த்து எத்தனை வருஷமாச்சு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பொட்டு வைத்துக்கொள்ளத் தினம் கண்ணாடி பார்க்கிறேன். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் சிரித்ததில்லை. எதை மறைக்க வேண்டுமென்று நாற்பது வருஷமாகக் காவல் இருந்தேனோ, அது எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுப் போயிருக்கிறது. காலி வீட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்!

எல்லாருக்கும் இப்படி முழுவதும் மறையும் என்று எண்ணிவிடாதீர்கள். தாடை நீளத்தால் வந்தது அவ்வளவு சுலபமாக மறையாது என்று டாக்டர் சொன்னார். மறைந்தாலும் மறையாவிட்டாலும் எனக்குத் துக்கம் அதைப் பற்றியல்ல. என் பெண் பிறந்தபோது சிரித்த சிரிப்பு, அவள் முதலில் 'அம்மா' என்றபோது சிரித்த சிரிப்பு, மாமியாரும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, அத்தனையும் தலைப்புக்குள்ளேயே போயிற்றே என்பதுதான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இருவரும் ரொம்ப நேரம் பேசவில்லை. சதுப்பு நிலத்துப் பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் நின்றுகொண்டிருந்தன. கூட்டுச் சாலை நெருங்கும்போது என் பெண் மெல்ல என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

* * *

சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. என்ன மருந்து சாப்பிடுகிறாள், எது ஒத்துக்கொள்ளாது என்று விசாரணை. மரத்துப்போகிற ஊசிதான், மயக்கம் இல்லை. ஆறு பல்லுக்கு மேலே லேசரால் ஈற்றைச் செதுக்கினார்கள். இரண்டு நாள் ஆறிய தயிர் சாதமும் ரசத்தில் குழைத்த சாதமும். ஊறுகாயைக் கண்ணால் பார்த்ததோடு சரி. ஒரு வாரத்தில் எரிச்சல் போயிற்று. ஈறு தன் இறுதி நிலைக்கு வந்து நிற்கச் சில மாதமாயிற்று.

ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று பிறகு டாக்டர் ஒரு தரம் கேட்டார். என் பெண் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். பல் நன்றாக நீண்டு தெரிந்தது; அதற்கு மேல் மெல்லியதாக ஒரு கரை.

"போதும், டாக்டர். மிச்சம் எங்க அம்மாவோடது. இருக்கட்டும்" என்றாள்.

அந்த வரன் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர்கள் பிறகு ஆள் அனுப்பினார்கள். 'பெண்ணுக்கு இப்போது இஷ்டமில்லை' என்று என் கணவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். வேறு இடம் வரும். வருகிற பெரியம்மா யாராயிருந்தாலும் காபி உண்டு. ஆனால் இனி நான் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொள்ளமாட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருக்கலாம். இருந்தால் இந்த அனுபவசாலி சொல்வதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்காதபோது நீங்கள் கேட்காதீர்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அவளே விரும்பினால் தடுக்காதீர்கள். அழகுக்கு ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் ஏன் தெரிகிறது என்று அளந்து பார்த்துச் சொல்லுகிற டாக்டரிடம் போங்கள். அவர் பதிவு பெற்றவர்தானா, இந்த வேலைக்கென்று படித்தவர்தானா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. முதல் நாளே முன்பணம் கேட்கிற இடத்தில் பர்ஸைத் திறக்காதீர்கள். இன்னொருவரின் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். சொத்தையில்லாத பல்லை யார் சீவ வந்தாலும், இரண்டு தரம் யோசியுங்கள்.

அப்புறம், என்னைப் போல உங்களில் யாராவது தலைப்புக்குப் பின்னால் இருந்தால், இன்று ராத்திரி எல்லாரும் தூங்கின பிற்பாடு கண்ணாடி முன் போய் நின்று ஒரு தரம் சிரித்துப் பாருங்கள். கரை போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். எதுவானாலும், கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

சென்ற மாதம் எங்கள் கல்யாண நாள் வந்தது. என் பெண் தன் கைப்பேசியால் எங்கள் இருவரையும் படம் பிடித்தாள். அவர் வழக்கம்போல விறைப்பாக நின்றார். என் கை புறப்பட்டது, பழக்கதோஷம்! பாதி வழியில் நிறுத்தி, அவர் தோளில் வைத்துவிட்டேன். அவர் திடுக்கிட்டுப் போய் என்னைப் பார்த்தார். அதைக் கண்டு எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. 1995-ல் எடுத்திருக்கவேண்டிய படம். கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது.